அளவு ஜாக்கெட்

சின்ன காஞ்சிபுரம்
12.12.1999, ஞாயிறு

அன்பு மகள் தீபிகாவுக்கு அப்பா ஆசியோடு எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் வரதராஜப் பெருமாள் தயவில் சுகமாகவே இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று கேட்கத்தான் வேண்டும், ஆனால் அதற்கு நீ எழுதப்போகிற பதில் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது, அதனால் அந்தக் கேள்வியைக் கடிதத்தின் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். உன் கடிதமும் தீபாவளிப் போட்டோவும் போன வாரம் வந்து சேர்ந்தன. அஸ்ஸாமிலிருந்து அத்தனை தூரம் வந்தும் போட்டோவில் ஒரு சுருக்கம் இல்லை, நம் தெருமுனைக்கு வந்துதான் மழையில் ஒரு ஓரம் நனைந்தது. அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்து, பால்காரரிலிருந்து கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவர் வரைக்கும் எல்லாருக்கும் காட்டிவிட்டாள். மாப்பிள்ளை குரு கொஞ்சம் சதை போட்டிருக்கிறார், விமானப்படைச் சாப்பாடு ஒத்துக்கொண்டுவிட்டது போல. உன்னைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இங்கே கார்த்திகை மழை விட்டேனா பார் என்று கொட்டித் தீர்த்தது, வாலாஜாபாத் பக்கம் பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஊரே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது, ஆற்றில் தண்ணீர் ஓடுவது நமக்குத் திருவிழா ஆகிவிட்டது. அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்த்தால் தேவலை என்கிறாள், தேய்க்கத்தான் மாட்டேன் என்கிறாள். ஆனால் வாரத்தில் ஒரு நாள், வியாழக்கிழமை, அந்த வலியை எங்கேயோ வைத்துவிட்டு எனக்கு முன்னால் பஸ் ஏறுகிறாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இத்தனை தாள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பெற்ற மகளுக்கு அப்பன் எழுதுகிற சங்கதியா இது என்று உன் அம்மா இரண்டு தரம் கேட்டுவிட்டாள். முப்பத்திரண்டு வருஷம் ஜாக்கெட் தைத்துத்தான் பிள்ளையை வளர்த்தேன், இதில் எனக்கு என்ன கூச்சம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் தொழில் முறை உனக்குத் தெரியாததா. எந்தப் பெண்பிள்ளை மேலும் நான் டேப் வைத்ததில்லை. உடம்புக்குப் பொருத்தமாக இருக்கிற பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்கென்று கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள், அதை மேஜையில் விரித்து அளந்து வெட்டினால் இம்மி பிசகாது. அளவு ஜாக்கெட்டைக் கொடுத்தாயா, இனிமேல் ஆள் வரவேண்டியதில்லை, எட்டாம் நாள் வந்து வாங்கிக்கொண்டு போ, இதுதான் தர்மன் டெய்லர் பேச்சு. இதைச் சொல்லிச் சொல்லி எத்தனை தரம் மீசையை முறுக்கியிருப்பேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பதெல்லாம் எதிர் வரிசை டெய்லர் ராஜகோபாலுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதம் கூரத்திலிருந்து கங்கையம்மாள் கடைக்கு வந்தாள். உனக்கு நினைவிருக்கும், நீ சின்னவளாக இருக்கும்போது வேர்க்கடலை அவித்துக் கொண்டுவந்து உன் பாவாடையில் கொட்டுவாளே, பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்குமே, அவள்தான். அன்றைக்குச் சத்தமே இல்லாமல் வந்து நின்றாள். முக்காடு போட்டிருந்தாள், உள்ளே மொட்டை என்று தெரிந்தது. திருப்பதியா திருத்தணியா என்று கேட்டேன். ம் என்றாள். ம் என்றால் என்ன அர்த்தம், லட்டு எங்கே, மலைக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வருவார்களா என்று கேலி செய்தேன். சிரித்தாள். ஆவணியில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம், அண்ணன் எடுத்துக் கொடுத்த அரக்குப் பட்டில் வெட்டிய துணி என்று ஜாக்கெட் துணியைக் கொடுத்தாள், கூடவே அளவு ஜாக்கெட்டையும் கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்று, "டெய்லரே, இந்த அளவு இப்போ..." என்று ஏதோ இழுத்தாள். ஆவணி முகூர்த்தத்துக்கு வந்த துணி மலை மாதிரிக் குவிந்திருந்த நேரம் அது. நான் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே, அளவுதான் குடுத்துட்ட இல்ல, அப்புறம் இன்னா நின்னுக்கினு இருக்கிற, போய்ட்டு வா என்று அனுப்பிவிட்டேன். அவளும் போய்விட்டாள். சொன்ன தேதியில் தைத்துக் கொடுத்தேன். என் கைக்கே திருஷ்டி சுற்றிப் போட வேண்டும், அவ்வளவு நேர்த்தியாக வந்திருந்தது.

புரட்டாசியில் ஒரு நாள் ஸுபத்ரா டீச்சர் வந்தார்கள், உனக்கு எட்டாம் வகுப்பில் கணக்குப் பாடம் எடுத்த சன்னிதி வீதி டீச்சர். ரிட்டயர் ஆன பிறகு அவர்கள் வியாழக்கிழமைதோறும் நம் ஊர் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், சம்பளத்துக்கு இல்லை, தானாக. மணிக்கணக்காக ஊசி மருந்து ஏற்றிக்கொண்டு படுத்திருக்கிற பெண்களோடு உட்கார்ந்து காகிதப் பூ செய்வது, மணி கோப்பது, படம் வரைவது என்று ஏதாவது கைவேலை சொல்லிக்கொடுக்கிறார்கள். கையில் வேலை இருந்தால் மனசு பயத்தையே மென்றுகொண்டிருக்காது என்பார்கள். அன்றைக்குப் பையிலிருந்து ஒரு அரக்குப் பட்டு ஜாக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்து, "ஒருத்தி ஒரே தடவை உடுத்திண்டுட்டு வேண்டாம்னு குடுத்தனுப்பிட்டா தர்மன், வார்டுல ஒல்லியா இன்னொரு பொண்ணு இருக்கா, அவளுக்கு ஆகும், கொஞ்சம் பிடிச்சுக் குடுங்கோ" என்றார்கள். எடுத்துப் பார்த்தால் காஜா என் காஜா, கழுத்துப் பட்டி என் பட்டி. பெற்ற பிள்ளையை மறந்தாலும் தைத்த துணியை டெய்லர் மறக்கமாட்டான், நீ இதற்குக் கோவித்துக்கொள்ளாதே. இது கூரத்துக் கங்கையம்மாளுடையதாயிற்றே, ஏன் வேண்டாமாம், எங்கே பிசகிவிட்டதாம் என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்கள். பங்குனி மாதமே கங்கையம்மாளுக்கு மார்பில் கட்டி என்று ஆபரேஷன் செய்து இடது பக்கத்தை எடுத்துவிட்டார்களாம். அதற்கப்புறம் ஆறு தரம் ஊசி மருந்து ஏற்றவேண்டும், அந்த மருந்தில் கொட்டினதுதான் தலைமுடி, மலைக்கும் போகவில்லை, ஒன்றும் இல்லை. நாலு தரம் ஏற்றியாகிவிட்டது. அதற்குள் அண்ணன் மகள் கல்யாணம் வந்தது. நான் பழைய உடம்புக்குத் தைத்த ஜாக்கெட்டில் ஒரு பக்கம் ஒட்டிச் சுருங்கிக் கிடக்க, அவள் துண்டு ஒன்றை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஆரத்தி எடுக்கக் குனிந்தபோது அந்தத் துண்டு நழுவி மணவறைக்கு முன்னால் விழுந்துவிட்டது. யாரோ அதை எடுத்து இது யாருதும்மா என்று எல்லாருக்கும் காட்டிக் கேட்டார்களாம். அன்றோடு வீட்டுக்குள் போய்ப் படுத்தவள்தான், ஐந்தாவது ஊசிக்கு வரவில்லை, தேதி தாண்டி மூன்று வாரம் ஆகிவிட்டது. இன்னும் தள்ளிப்போனால் இதுவரை ஏற்றினதும் வீணாகிவிடும், நோய் திரும்பினால் எங்கள் கையில் இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்களாம்.

கையிலிருந்த ஜாக்கெட்டைக் கீழே வைக்கவும் முடியவில்லை, பிடித்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. முடி கொட்டிப்போய் வந்தவளிடம் லட்டு எங்கே என்று கேட்டேனே தீபிகா. அவள் சொல்ல வாயெடுத்தாளே. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால் ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தேன், அவள் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "அவ வாயத் தொறந்தா, நீங்க பேச வுட்டீங்களா? உங்களுக்குத் துணியத்தான் தெரியும், ஆளத் தெரியாது" என்று ஒரே போடாகப் போட்டாள். மறுநாளே கடையைச் சாத்திவிட்டுக் கூரத்துக்குப் போனேன். பெருமாள் கோவிலைத் தாண்டி மூன்றாவது வீடு. கங்கையம்மாளின் அண்ணி வெளியே வந்து, அதுக்கு ஒடம்பு முடியல, படுத்துக்கினு இருக்குது, யாரையும் பாக்க மாட்டேங்குது என்றாள். உள்ளே கதவுக்குப் பின்னால் புடவை அசைந்தது எனக்குத் தெரிந்தது. குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது, நான் வெறுங்கையோடு எதற்குப் போனேன், நான் என்ன வைத்தியனா, பூசாரியா. எனக்குத் தெரிந்தது தைக்க, அதைச் செய்துகொண்டு போகவேண்டும்.

டீச்சரிடம் கேட்டேன், மற்ற பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று. கைக்குட்டை, துண்டு, பஞ்சு என்று கையில் கிடைத்ததை வைத்துக்கொள்கிறார்களாம், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் நழுவிவிடுமாம். மெட்ராஸில் ரப்பரில் விற்கிறதாம், நம் ஊர் வெயிலுக்கு அதைக் கட்டிக்கொண்டு அடுப்பங்கரையில் நிற்க முடியாதாம். சரி, இதை ஜாக்கெட்டுக்குள்ளேயே உள்பை வைத்துத் தைத்துவிட்டால் என்ன என்று உட்கார்ந்தேன். முதலில் இலவம் பஞ்சு வைத்து ஒன்று தைத்தேன். போட்டுப் பார்க்க ஆள் வேண்டுமே, உன் அம்மாதான். பேசாமல் போட்டுக்கொண்டு அடுப்பங்கரைக்கும் கொல்லைக்கும் நாலு நடை நடந்தாள், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள், அவ்வளவுதான், பஞ்சு கனமில்லாமல் மெல்ல மெல்ல மேலே ஏறித் தோள்பட்டைக்கே வந்துவிட்டது. உங்க டெய்லரிங்குல இது எந்த டிசைன் என்று கேட்டாள். கனம் வேண்டும் என்று புரிந்தது. கனத்துக்கு என்ன வைப்பது என்று யோசித்து, வீட்டில் இருந்த கேழ்வரகைப் பஞ்சோடு கலந்து நாலு உறை தைத்து, நாலு ஜாக்கெட்டோடு டீச்சரிடம் கொடுத்தனுப்பினேன். வார்டில் நாலு பெண்கள் போட்டுக்கொண்டார்கள், அச்சாக இருக்குது, நழுவவே இல்லை என்று செய்தி வந்ததும் நான் மறுபடியும் மீசையைத் தொட்டேன். அடுத்த வியாழக்கிழமை நானே போனேன். வார்டு வாசலில் கால் வைத்ததும் உள்ளே எல்லாரும் சிரிக்கிறார்கள். அரக்கோணம் பக்கத்து அம்மா ஒருத்தர், மூக்கில் குழாய், கையில் ஊசி, அவர் சிரிப்பை அடக்க முடியாமல், "டெய்லரே, நீ தச்சுக் குடுத்தது மொளச்சிடுச்சிப்பா" என்றார். மழைக்காலம், ஜாக்கெட்டோடு சேர்த்து உறையையும் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறார், காயவில்லை, மூன்றாம் நாள் துணியைத் துளைத்துக்கொண்டு பச்சையாக எட்டிப் பார்த்திருக்கிறது. நான் வெட்கத்தில் வெளியே ஓடி வந்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னதற்கு அவள் தலையில் அடித்துக்கொண்டாள், ஈரத் துணியில் கேழ்வரகைக் கட்டி வைத்தால் முளைக்காமல் என்ன செய்யும், தீபிகாவுக்குக் கஞ்சி காய்ச்ச எத்தனை தரம் முளைகட்டினேன், என்னை ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா என்றாள். இதிலும் கேட்காமல் செய்ததுதான் தப்பு. ஆனால் டீச்சர் சொன்னார்கள், அந்த வார்டில் அவ்வளவு பேர் சேர்ந்து சிரித்து அவர்கள் பார்த்ததே இல்லையாம்.

அதற்குப் பிறகு அம்மாவைக் கேட்காமல் ஒரு தையல் போடவில்லை. கனத்துக்குப் பாசிமணி என்றவள் அவள்தான், மணி முளைக்காது பாருங்க என்றாள். பஞ்சு ஈரத்தில் கட்டிப்போகும், அதற்கு என்ன செய்வது என்று இருந்தபோது அடுத்த தெரு குமாரவேல், தறி வைத்திருக்கிறாரே, அவர் தறியில் மிஞ்சுகிற கழிவுப் பட்டு நூல் ஒரு மூட்டை தூக்கி வந்து போட்டார். பட்டு மெத்தென்று இருக்கிறது, சீக்கிரம் காய்கிறது, உடம்பில் உறுத்துவதில்லை. மல் துணியில் உறை, அதற்குள் கழிவுப் பட்டு, நடுவில் சின்னப் பையில் பாசிமணி, உறையை வெளியே எடுத்துத் துவைத்துக்கொள்ளலாம். ஆபரேஷன் ஆன பக்கம் கையைத் தூக்க முடியாது, சில பேருக்குக் கையே வீங்கிப் போகிறது, அதனால் அந்தப் பக்கத்துக் கையை மட்டும் தாராளமாக வெட்டி, திறந்து மாட்டிக்கொள்ள ஊக்கு வைத்தேன். இதற்கெல்லாம் அளவு ஜாக்கெட் எங்கே இருக்கிறது. அம்மா திரைக்கு உள்ளே டேப் வைத்துப் பார்த்து எண்ணைச் சொல்வாள், நான் திரைக்கு வெளியே சுவரைப் பார்த்து ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொள்வேன். வியாழக்கிழமை இப்படித்தான் பிறந்தது. நம் கடையில் ஒரு பாவாடைக்குக்கூட அளவு எடுக்காதவள், வார்டில் இரண்டு வாரத்தில் என்னையே அதட்ட ஆரம்பித்துவிட்டாள்.

ஆனால் என் நெஞ்சில் இருந்தது கூரம்தான். ஒவ்வொரு வியாழனும் டாக்டரம்மா டீச்சரிடம், அந்தக் கூரத்து அம்மா வந்தாங்களா என்று கேட்பார்கள், டீச்சர் இல்லை என்பார்கள். ஐப்பசி முதல் வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் போனேன். நான் போன தரம் மாதிரி வாசலில் நின்றேன், அம்மா யாரையும் கேட்காமல் தன் வீடு மாதிரி நேரே உள்ளே போய்விட்டாள். அப்புறம் அம்மா குரல் மட்டும் கேட்டது, என்னவோ கதை சொல்கிறாள். திடீரென்று சிரிப்பு, பழைய கங்கையம்மாள் சிரிப்பு, தெருமுனை வரைக்கும் கேட்கிற சிரிப்பு. கேழ்வரகு முளைத்த கதையைச் சொல்லிவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, என் மானம் கூரம் வரைக்கும் போயிற்று, போகட்டும். அந்தச் சிரிப்பு அடங்கினதும் நான் வாசலிலிருந்தே, உள்ளே கேட்கிற மாதிரி சொன்னேன். கங்கையம்மா, நீ சொல்ல வந்தே, நான் கேக்கல. ஆளப் பாக்காம பழைய துணியப் பாத்துத் தச்சேன். தப்பு என்னுதும்மா என்றேன். அவள் வெளியே வரவில்லை, ஆனால் கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள். "டெய்லரே, துண்டு வுழுந்துச்சின்னு நான் ஊசிய நிறுத்தல. வுழுந்தா வுழட்டும். அதுக்கப்புறம் வர்றவங்க எல்லாம், உனக்கு ஒண்ணுமில்ல கங்கா, நீ முன்ன மாதிரியேதான் கீறன்னு சொல்லிக்கினே இருந்தாங்க. நான் முன்ன மாதிரி இல்லன்னு எனக்குத் தெரியுது. அத யாராண்ட சொல்றது? ஒருத்தரும் கேட்டுக்க மாட்டேன்றாங்க. நீயும் முன்ன மாதிரியே தச்சுக் குடுத்துட்ட" என்றாள். இனிமே இப்ப இருக்கிற உனக்குத்தாம்மா தைப்பேன் என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அம்மா உள்ளேயிருந்து எண்களைச் சொல்ல ஆரம்பித்தாள், நான் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்று எழுதிக்கொண்டேன். மழை தூறி நோட்டு நனைந்தது, எழுத்து கொஞ்சம் கலைந்தது, குடையை நோட்டுக்குப் பிடித்துக்கொண்டு மீதியை எழுதினேன்.

அடுத்த வியாழக்கிழமை புது ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கூரத்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இறங்கினாள், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன் என்று அவளே பெருமையாகச் சொன்னாள். டாக்டரம்மா நன்றாகத் திட்டினார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஐந்தாவது ஊசியை ஏற்றினார்கள். ஆறாவதும் போன மாதக் கடைசியில் முடிந்தது. இனிமேல் கரண்டு வைக்கிற கதிர் வைத்தியம் பாக்கி இருக்கிறது, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வந்து காட்டவேண்டும். நோய் போய்விட்டதா என்று கேட்டதற்கு டாக்டரம்மா போய்விட்டது என்று சொல்லவில்லை, பாதியில் விடாமல் வந்தீங்களே, அதுதான் பெரிசு என்றார்கள். ஆறாவது ஊசி முடிந்த அன்று கங்கையம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு லட்டை எடுத்து என் கையில் வைத்தாள். "நீ கேட்டியே டெய்லரே, நான் மறக்கல" என்றாள். பாதியைப் பிட்டு அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு மீதியை வாயில் போட்டுக்கொண்டேன். இப்போது அவள் எங்களோடு வியாழக்கிழமை வருகிறாள். புதிதாக ஆபரேஷன் ஆகி வந்திருக்கிற பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பழைய ஜாக்கெட்ட மட்டும் எடுத்தாராதம்மா, இந்த டெய்லர் அதையே நம்பிடுவாரு, நீ எப்படிக் கீற, அதச் சொல்லு என்று என் காது கேட்கவே சொல்கிறாள். இதுவரை முப்பத்தேழு ஜாக்கெட் தைத்தாகிவிட்டது. மூன்று பேர் இப்போது இல்லை. அதில் அரக்கோணத்து அம்மாவும் ஒருத்தர். முளைத்த உறையை அவர் தூக்கிப் போடாமல் ஜன்னல் ஓரம் மண்ணில் புதைத்து வைத்திருந்தாராம், அவர் மகள் சொன்னாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் போட்டோவை அம்மா ஊருக்கெல்லாம் காட்டினாளே தவிர நானும் அவளும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கவில்லை. ஏன் என்று இப்போதுதான் பேசிக்கொண்டோம். நீ போட்டிருக்கிற மாம்பழ நிற ஜாக்கெட் நான் தைத்து அனுப்பினது. உன் கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட் ஆறு வருஷமாகக் கடையில் ஆணியில் தொங்குகிறது, ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அதை அளவு வைத்துத்தான் உனக்குத் தைக்கிறேன், நீயும் ஒவ்வொரு தரமும் கச்சிதமா இருக்குதுப்பா என்று எழுதுகிறாய். போட்டோவில் தோள்பட்டை இறங்கியிருக்கிறது. கைக்கும் துணிக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும். முந்தானைக்குப் பின்னால் பின் குத்தி மறைத்திருக்கிறாய், துணி இழுத்துக்கொண்டு நிற்கிறது. யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியாதா தீபிகா. வந்த அன்றே பார்த்தேன், அம்மா பயப்படுவாள் என்று சொல்லவில்லை. அவளும் அன்றே பார்த்துவிட்டு நான் பயப்படுவேன் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். போன பங்குனியில் ஆறாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போனபோது நாங்கள் வந்திருக்கவேண்டும். கல்யாண சீசன், மேஜை நிறையத் துணி. நீயும் வரவேண்டாம்பா, நான் நல்லாயிருக்கேன் என்று எழுதினாய். எழுதிவிட்டாள், அப்புறம் என்ன என்று இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு எட்டுக் கடிதம் வந்திருக்கிறது, எட்டையும் எடுத்து அடுக்கிப் படித்தேன், எட்டிலும் நல்லாயிருக்கேன்பா என்றே இருக்கிறது. நாங்களும் எட்டுக்கும், எல்லாம் சரியாகிவிடும், நீ முன்ன மாதிரி சிரித்துக்கொண்டு இரு என்றே பதில் போட்டிருக்கிறோம். கங்கையம்மாளுக்கு ஊர் சொன்னதைத்தான் நாங்கள் உனக்குச் சொல்லியிருக்கிறோம். இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது, மறைக்கவில்லை.

ஆணியிலிருந்த உன் அளவு ஜாக்கெட்டை நேற்று எடுத்துப் பிரித்துவிட்டேன், நல்ல துணி, வார்டில் ஒரு பெண்ணுக்கு உள்பை தைக்க ஆயிற்று. இனிமேல் உனக்குத் தைக்க என்னிடம் அளவு இல்லை. அதனால் நாங்களே வருகிறோம். ஜனவரி மூன்றாம் தேதி சென்ட்ரலில் ரயில் ஏறுகிறோம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது, வேண்டாம் என்று தந்தி கிந்தி அடிக்காதே. தை முகூர்த்தத்துக்கு வந்த துணியையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் ராஜகோபால் கடையில் கொடுத்துவிட்டேன், அவர் நான் ஏதோ சூது செய்கிறேன் என்று நினைத்து ஒவ்வொரு துணியாக விரித்துப் பார்த்து வாங்கினார். வியாழக்கிழமைக்குக் கவலை இல்லை, கங்கையம்மாள் டேப் வைக்கக் கற்றுக்கொண்டாள், நான் வெட்டி வைத்திருக்கிற துணிகளை டீச்சர் பார்த்துக்கொள்வார்கள். உன்னைத் தேற்றுவதற்கு நாங்கள் வரவில்லை. நீ பேசினால் அம்மாவும் நானும் கேட்போம், அழுதால் கூட உட்கார்ந்திருப்போம், ஒன்றும் பேசாவிட்டாலும் சரிதான். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் வருகிறேன்.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகளைச் சொல்லவும், தங்காமல் போனது அவருக்கும் பிள்ளைதான், அவரையும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அங்கே பனி அதிகம் என்று பேப்பரில் போட்டிருக்கிறது, காதை மூடிக்கொள், வெந்நீர் குடி, வேளைக்குச் சாப்பிடு. அம்மா முறுக்கு சுடப்போகிறாள், வழியில் நான் தின்னாமல் இருந்தால் உனக்கு வந்து சேரும். வரதராஜப் பெருமாள் உங்கள் இருவரையும் காக்கட்டும், நீடூழி வாழுங்கள். கடைசிக்குத் தள்ளி வைத்த கேள்வியை இதில் எழுதப்போவதில்லை, நேரில்தான் கேட்பேன். ஒன்றை மட்டும் மறக்காதே, ஸ்டேஷனுக்கு எங்களை அழைக்க வரும்போது எந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டாலும் பின் குத்தாமல் வா. தொங்கினால் தொங்கட்டும், நான் பார்க்கவேண்டும்.

உன்னைக் காண வரும்
அப்பா தர்மன்